என் பேரில் கட்டிய பந்தயம்

எங்கள் மாப்பிள்ளைக்குப் பேச்சு குறைவு. என் மகளைக் கட்டிக்கொண்டு என் வீட்டோடு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் தானாகக் கேட்டதெல்லாம் சாப்பிட்டீங்களா, மாத்திரை இருக்குதா, அவ்வளவுதான். சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை. கரி ஓடுகிற பெல்ட்டுக்குக் கீழே சிந்திக் கிடப்பதை வாரிப் போட வேண்டும். ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வருவார், குளிப்பார், சாப்பிடுவார், படுத்துவிடுவார். அப்படிப்பட்ட மனுஷன் இந்த எலெக்ஷன் நெருங்கினதும், சாப்பிட்ட தட்டை நகர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்துகினு, உங்ககூட வேலை செஞ்ச பொம்பளைங்கல்லாம் யாருக்குப் போடுவாங்க அத்த என்று கேட்டால் எனக்கு எப்படி இருக்கும்?

எனக்குச் சந்தேகம் சீக்கிரம் வரும். அதை மறைக்கவில்லை. சுரங்கக் கம்பெனி டவுன்ஷிப் பிளாக்குகளில் நான் வாசலும் ரோடும் கூட்டிக் குப்பை அள்ளிய வருஷங்களில், எந்த வீட்டில் எது காணாமல் போனாலும் முதலில் எங்கள் பையைத்தான் பிரித்துப் பார்ப்பார்கள். ஒரு தடவை ஒரு அம்மாவுடைய வெள்ளி டம்ளருக்காக ஏழு பேரை மரத்தடியில் நிற்க வைத்தார்கள். டம்ளர் அவங்க பூஜை ரூமிலேயே இருந்தது. அப்படி நின்றவளுக்கு அடுத்தவர் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்கிற பழக்கம் தானாக வந்துவிடும்.

மாப்பிள்ளை கையில் போன் இருந்தது. முன்பெல்லாம் டிவி மேல் எறிந்துவிட்டுப் படுப்பவர், இப்போது படுக்கும்போதும் நெஞ்சின் மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டார். நான் அந்தப் பக்கம் போனால் பக்கத்தில் இருக்கிற துண்டை எடுத்து மேலே போடுவார். நான் கவனிக்காத மாதிரி போய்விடுவேன்.

அதற்கு முந்தின மாசம் ஒரு காரியம் நடந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓட்டர் லிஸ்டில் பேர் சரியா இருக்குதான்னு பார்க்கணும் அத்த என்று சொல்லி என் ஆதார் கார்டை வாங்கினார். பேங்கு புத்தகத்தையும் வாங்கினார். என்னைச் சுவர் ஓரம் உட்கார வைத்து போனை முகத்துக்கு நேரே பிடித்து, நேரா பாருங்க, கண்ணை மூடித் திறங்க, இன்னொரு தடவை மூடித் திறங்க என்றார். திறந்தேன். என் பட்டன் போனில் ஆறு இலக்கத்தில் ஒரு நம்பர் வந்தது. அதையும் படித்துச் சொன்னேன். எழுத்து எனக்கு மெதுவாகத்தான் வரும், எண் சுத்தமாக வரும். சொல்லி முடித்த பிறகுதான், ஓட்டுக்கும் பேங்கு புத்தகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றியது. கேட்க வாய் வரவில்லை. தெரியாதவள் என்று நினைத்துவிடுவார் என்று பேசாமல் இருந்தேன். நான் பண்ணின முதல் தப்பு அது.

அந்தப் பேங்கு புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் காண்ட்ராக்டில் கிடந்து கிடந்து கடைசியில்தான் பர்மனென்ட் ஆனார். ரிட்டயர் ஆகிச் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் பேரைச் சொல்லி மாசம் ஒரு சின்ன பென்ஷன் வருகிறது. பெரிசாக ஒன்றும் இல்லை. ஆனால் அது என் பேரில் வருகிறது. வெற்றிலைக்கோ மாத்திரைக்கோ கோயிலுக்கோ யாரிடமும் நான் கை நீட்டியதில்லை. முதியோர் வகுப்பில் எழுதப் படித்துக்கொண்டதே பணம் எடுக்கிற சீட்டை நானே எழுத வேண்டும் என்றுதான். மிஷினில் கார்டு போட்டு எடுக்க மாட்டேன். மாசாமாசம் பேங்குக்குப் போய், சீட்டு வாங்கி, உட்கார்ந்து, எழுதி, கையெழுத்துப் போட்டு வாங்குவேன். எனக்குப் பின்னால் நிற்கிறவர்கள் அலுத்துக்கொள்வார்கள். அலுத்துக்கொள்ளட்டும்.

மாப்பிள்ளை புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனாலும் மனசு கேட்கவில்லை. வீட்டை எழுதி வாங்கப் பார்க்கிறாரோ என்று நினைத்தேன். டவுன்ஷிப் ஆர்ச்சுக்கு வெளியே இரண்டு ரூம் வீடு, என் பேரில் இருக்கிறது. மகளும் இதில் கூட்டோ என்று அவளையும் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன். "பாப்பா, உங்க வூட்டுக்காரரு என்னமோ யோசனையா இருக்காரே" என்றேன். ஆய்ந்துகொண்டிருந்த கீரையைப் பார்த்துக்கொண்டே, "எலெக்ஷன் வந்தா ஆம்பளைங்க எல்லாரும் அப்படித்தான்மா" என்றாள். அவள் என் முகத்தைப் பார்க்காதது எனக்குப் போதுமாக இருந்தது. அன்றைக்கே வீட்டுப் பத்திரத்தை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து அரிசி டிரம்முக்குள் வைத்தேன். பாவம், அவளுக்கு ஒன்றுமே தெரியாது என்று பிறகுதான் தெரிந்தது.

ஓட்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒருநாள் மத்தியானம் மாப்பிள்ளை குளிக்கப் போனார். போன் பாயில் கிடந்தது, மல்லாந்து. வெளிச்சம் அணையவில்லை. எட்டிப் பார்த்தேன். இரண்டு பேர் படம். ஒருத்தர் ஆளுகிற கட்சிக்கு நிற்பவர், இன்னொருத்தர் அவரை எதிர்த்து நிற்பவர். எங்கள் தொகுதி ஆட்கள்தான், சுவருக்குச் சுவர் ஒட்டியிருக்கிற அதே முகங்கள். முதல் ஆளுக்குக் கீழே ஏழு ரூபாய் சொச்சம். இரண்டாவது ஆளுக்குக் கீழே மூன்றுக்குக் குறைவு. மேலே ஒரு ஓரத்தில் சின்னதாக இன்னொரு படம். அது நான். கண்ணை அகலமாகத் திறந்துகொண்டு, சுவர் ஓரத்தில்.

ஓட்டுக்குக் காசு கொடுக்கிற வேலையைத்தான் இந்த ஆள் எடுத்திருக்கிறார், வீடு வீடாகக் கணக்குப் போட்டு என்னையும் அதில் சேர்த்துவிட்டார் என்று நினைத்தேன். இத்தனை எலெக்ஷனில் யாருக்குப் போட்டேன் என்று என் வீட்டுக்காரருக்கே நான் சொன்னதில்லை.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்ததும் கேட்டேன்.

"என் ஓட்டுக்கு என்ன வெல போட்டிருக்கீங்க மாப்ள?"

அவருக்கு முதலில் புரியவில்லை. போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. சிரித்தது எனக்கு இன்னும் எரிந்தது. உட்காருங்க அத்த என்று சொல்லி, அன்றைக்குத்தான் விவரமாகச் சொன்னார்.

அது ஓட்டு வாங்குகிற காசு இல்லையாம். போனிலேயே ஒரு சந்தையாம். யார் ஜெயிப்பார் என்று ஜனங்கள் காசு கட்டுகிறார்களாம். ஜெயிப்பார் என்று நிறைய பேர் நினைத்தால் அந்த ஆளுடைய சீட்டு விலை ஏறும், இல்லை என்று நினைத்தால் இறங்கும், தக்காளி மாதிரி. ஏழு ரூபாய்க்கு வாங்கின சீட்டு, அந்த ஆள் ஜெயித்தால் பத்து ரூபாய். தோற்றால் ஒன்றும் இல்லை. எந்த ஊரில் எவன் நடத்துகிறான் என்று கேட்டேன். தெரியாது, கூட வேலை செய்கிறவர் ஒருத்தர் லிங்க் அனுப்பினார் என்றார். வெளியே சொல்லிக்கக் கூடாது என்றும் சொன்னார். சொல்லிக்கக் கூடாத சந்தை என்ன சந்தை என்று கேட்டேன்.

"அதுல என் மூஞ்சி எதுக்கு?"

அப்போதுதான் தலையைக் குனிந்தார். போன வருஷம் கிரிக்கெட் பந்தயத்தில் காசு விட்டதற்கு, இனி கட்ட மாட்டேன் என்று என் மகள் தன் தலையில் கை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அவர் சம்பளம் வருகிற அக்கவுண்டை அவள் தினமும் பார்க்கிறாள். அதனால் என் பேரில் கணக்கு ஆரம்பித்திருக்கிறார். கட்டுகிற காசு அவர் கையில் வாங்குகிற ஓவர்டைம் காசு. ஜெயித்தால் மட்டும் என் அக்கவுண்டில் வந்து விழும். உங்க காசு ஒரு பைசா போகாது அத்த, வரத்தான் செய்யும் என்றார்.

உடனே மூடச் சொன்னேன். என் பேரு என் வீட்டுக்காரர் வைத்துவிட்டுப் போன பென்ஷன் மேலே இருக்கிறது, அதை ஊர் பேர் தெரியாதவன் கையில் கொடுக்க நீங்க யாரு என்று கேட்டேன். ரிசல்ட் வந்ததும் மூடிடறேன் என்றார். இப்பவே மூடுங்க என்றேன். வாக்குவாதம் அந்த அளவில் நின்றிருந்தால் நான் இன்றைக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்காது. அவர் ஒரு வார்த்தை விட்டார்.

"எலெக்ஷனெல்லாம் உங்களுக்குப் புரியாதுங்க அத்த. கான்டீன்ல, டீக்கடைல, பிளாக்குல எல்லாரும் இவருதான்னு சொல்றாங்க. சும்மாவா ஏழு ரூபா ஓடுது?"

எனக்குப் புரியாதாம். கூட்டின பிளாக்கு என்னுடையது.

"பிளாக்குல பேசிக்கினு இருக்காங்களே, அவங்க ஓட்டு எங்க இருக்குதுன்னு கேட்டீங்களா?" என்றேன்.

முழித்தார். சொன்னேன். இங்கே வேலைக்கு வந்தவர்கள் எல்லா ஜில்லாவிலிருந்தும் வந்தவர்கள். குவார்ட்டர்ஸ் இன்றைக்கு இருக்கும், ரிட்டயர் ஆனால் போய்விடும். அதனால் எத்தனையோ பேர் ஓட்டைச் சொந்த ஊரிலேயே விட்டு வைத்திருக்கிறார்கள். நிலத்தகராறு, பங்காளி சண்டை, கோயில் காரியம் எல்லாவற்றுக்கும் அங்கே பேர் இருக்க வேண்டும். எலெக்ஷனுக்கு முந்தின நாள் காலையிலேயே பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். அன்றைக்கும் மறுநாளும் குப்பை பாதிகூட வராது. மூன்று வண்டி எடுக்கிற ரோட்டில் ஒரு வண்டி நிரம்பாது. சூப்பர்வைசர் எங்களைப் பார்த்து, கூட்டாமல் ஏமாத்துறீங்களா என்று கத்துவான். ஒவ்வொரு எலெக்ஷனுக்கும் இதே திட்டு வாங்கியிருக்கிறேன். டீக்கடையில் உட்கார்ந்து எங்கள் தொகுதியை அலசுகிறவர்களில் எத்தனையோ பேருக்கு எங்கள் தொகுதியில் ஓட்டே கிடையாது. ஓட்டு இருக்கிறவர்கள் சுற்றிலும் இருக்கிற ஊர்க்காரர்கள். அவர்கள் டவுன்ஷிப்புக்குள் வந்தால் வாயைத் திறக்க மாட்டார்கள். சுரங்க வேலைக்கான கேட் பாஸ் போய்விடுமோ என்ற பயம்.

மாப்பிள்ளை துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பெல்ட்டுக்குக் கீழே இத்தனை வருஷம் வேலை பார்த்தும் அவருக்கு இது தோன்றவில்லை. பண்ருட்டிப் பக்கத்துக்காரர், அவர் ஊரில் டீக்கடையில் பேசுகிறவனுக்கு அதே ஊரில்தான் ஓட்டு.

"அப்ப யாருங்க அத்த ஜெயிப்பாரு?"

முதல் தடவையாக, வளைக்காமல் நேராகக் கேட்டார். நான் அங்கே வாயை மூடியிருக்க வேண்டும். மூடச் சொல்லிக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு, யாரென்று சொன்னேன். எதிர்த்து நிற்கிறவர். மூன்று ரூபாய்க்குக் கீழே கிடந்தவர். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த ஊர்களில் ஒரு சாவு விடாமல் வந்து நின்றவர், பந்தலில் தரையில் உட்கார்ந்தவர். பொம்பளைகள் வெளியே சொல்லவில்லை, ஆனால் அவர் பேரை எடுத்தால் யாரும் முகத்தைத் திருப்பவில்லை. இதையெல்லாம் ரேஷன் கடை வரிசையில் நின்றே நான் தெரிந்து வைத்திருந்தேன். அத்தனையும் கொட்டிவிட்டேன். அவர் கேட்கக் கேட்க எனக்கு இன்னும் சொல்ல வந்தது. யார் இதுவரை என்னிடம் வந்து கேட்டார்கள்?

ஓட்டு நாளைக்கு முந்தின நாள் அவரே பைக்கில் பிளாக்கு பிளாக்காகச் சுற்றிவிட்டு வந்திருக்கிறார். வந்து, ஆமாங்க அத்த, வரிசையாப் பூட்டு என்றார். எத்தனை சீட்டு வாங்கினார் என்று நான் கேட்கவில்லை. மூடினீர்களா என்றும் கேட்கவில்லை.

எண்ணுகிற நாள் வருவதற்குள் எனக்கு இரண்டு விதமாகவும் பயம். தோற்றால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். ஜெயித்தால் என் அக்கவுண்டில் வந்து விழும். மகளிடம் சொல்லிவிடலாமா என்று பல தடவை அடுப்படி வரைக்கும் போய் வந்தேன். சொன்னால், நீயுமாம்மா என்பாள். சொல்லவில்லை.

நான் சொன்ன ஆள்தான் ஜெயித்தார். பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் ஜெயித்தார். மாப்பிள்ளை வடலூருக்குப் போய் ஸ்வீட் வாங்கி வந்தார். மகள் என்ன விசேஷம் என்றாள். நம்ம தொகுதியில எதிர்க்கட்சி ஜெயிச்சிருக்கே என்றார். நீ எப்போ அந்தக் கட்சி என்று அவள் அவரைக் கிண்டல் பண்ண, அவர் என்னைப் பார்த்தார். நானும் ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டேன். இனிப்பாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

இரண்டு நாள் கழித்து என் போனில் ஒரு மெசேஜ் வந்தது. எண் மட்டும் படித்தேன். பென்ஷனைப்போலப் பல மடங்கு. அடுத்த மாசம் நானே எடுத்து அவரிடம் கொடுப்பது என்று பேச்சு.

அடுத்த மாசம் பேங்குக்குப் போனேன். சீட்டு எழுதினேன், கையெழுத்துப் போட்டேன், வரிசையில் நின்றேன். கவுண்ட்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள், திரும்பவும் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். உள்ளே இருந்த ஆபீசரிடம் போகச் சொன்னாள். என் அக்கவுண்டைப் பூட்டி வைத்திருக்கிறார்களாம். போடலாம், எடுக்க முடியாது. பென்ஷனும் அதற்குள்ளே மாட்டிக்கொண்டது.

நான் முதலில் மாப்பிள்ளைதான் துடைத்து எடுத்துவிட்டார் என்று நினைத்தேன். ஆபீசர் பொறுமையாகச் சொன்னார். எனக்குப் பணம் வந்தது ஒரு கம்பெனியிடமிருந்து இல்லை. எங்கோ வடக்கே இருக்கிற யாரோ ஒருத்தர் அக்கவுண்டிலிருந்து. அந்த அக்கவுண்டில் யாரோ ஏமாந்த பணம் இருந்திருக்கிறது. அவர்கள் போலீசில் எழுதிக் கொடுக்க, அந்தப் பணம் எங்கெங்கே போனதோ அங்கேயெல்லாம் பூட்டுப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள். என் வீடு வரைக்கும்.

ஒரு வெள்ளைத் தாள் கொடுத்தார். நடந்ததை எழுதிக் கொடுங்க, மேலே அனுப்புகிறேன் என்றார். பிறகு குரலை இறக்கி, உங்களுக்குத் தெரியாம யாராவது உங்க பேர்ல செஞ்சிருந்தா அவங்க பேரை எழுதுங்கம்மா, உங்களுக்குச் சீக்கிரம் திறந்துடும் என்றார்.

கண்ணாடி வழியாக வெளியே தெரிந்தது. மாப்பிள்ளை பைக்குக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், உள்ளே வரவில்லை. அவர் பேரை எழுதினால் கேஸ். கேஸ் என்றால் போலீஸ் சர்டிபிகேட் கிடைக்காது. அது இல்லாமல் கேட் பாஸ் புதுப்பிக்க மாட்டார்கள். பாஸ் இல்லாமல் சுரங்கத்துக்குள் கால் வைக்க முடியாது. என் மகள் நடுத்தெருவில் நிற்பாள். எழுதாவிட்டால் என் பென்ஷன் உள்ளேயே கிடக்கும்.

தாள் என் கையில் இருக்கும்போதே ஆபீசர் வேறு இரண்டு பேரைப் பார்த்து அனுப்பிவிட்டார். பிறகு எழுதினேன். என் முகத்தைக் காட்டி இது ஆரம்பிக்கப்பட்டது. என் போனுக்கு வந்த நம்பரைச் சொன்னது நான். யார் ஜெயிப்பார் என்று சொன்னதும் நான். அந்தப் பணம் எனக்கு வேண்டாம், என் பென்ஷனை மட்டும் விடுங்கள். நாலு வரி. அதில் ஒரு வரியும் பொய் இல்லை.

ஆபீசர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"போன்ல இதெல்லாம் நீங்களேவா பண்ணுனீங்க?"

"எழுதியிருக்கேனே சார்" என்றேன்.

அவர் தாளை ஒரு ஃபைலில் வைத்தார்.

நான் எழுதினது என்ன என்று மாப்பிள்ளை வழியில் கேட்டார். நடந்ததை எழுதினேன் என்றேன். பைக் ஒரு நொடி தடுமாறியது. அதற்கு மேல் விளக்கம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இரண்டு வாரம் அந்த மனுஷன் கேட்டில் பாஸைக் காட்டும்போதெல்லாம் பயந்துகொண்டு போய் வந்தார் என்று நினைக்கிறேன். பயப்படட்டும் என்று விட்டேன். என் மகளிடம் அவர் தானாகவே எல்லாவற்றையும் சொல்லி அழுத பிறகுதான், உங்க பேரை எழுதலை மாப்ள என்று சொன்னேன். மகள் அவரிடம் ஒரு வாரம் பேசவில்லை. என்னிடம் இன்னும் சரியாகப் பேசவில்லை.

பூட்டு இன்னும் திறக்கவில்லை. மாசாமாசம் போய்க் கேட்கிறேன். அந்த ஊர் போலீஸ் சொல்ல வேண்டுமாம். மாத்திரை மகள் வாங்கி வருகிறாள். வெற்றிலைக்கு மாப்பிள்ளை டிவி பக்கத்தில் நூறு ரூபாய் வைத்துவிட்டுப் போகிறார். அவர் போகிற வரைக்கும் நான் அதைத் தொடுவதில்லை.

போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, உள்ளாட்சி எலெக்ஷன் வரும்போல இருக்குதுங்க அத்த என்றார். சும்மாதான் சொன்னாரா, என் வாயைப் பிடுங்குவதற்காகச் சொன்னாரா, தெரியவில்லை. போன் டிவி மேல்தான் இருந்தது, பார்த்துக்கொண்டேன். எங்கள் வார்டில் யார் வருவார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். காரணத்தோடு தெரியும். அவருக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றிவிட்டு, வீட்டுப் பின்பக்கம் போய் நின்றுகொண்டேன்.